ஆளைச் சேர்க்கிறோமா, ஆண்டைச் சேர்க்கிறோமா? பேஸ்பால் சிமுலேஷனில் பழைய வீரர்கள்: அனுபவப் பகிர்வு

பழைய கையுறை:

உண்மை வீரர்களின் எண்களைக் கொண்டு கற்பனை ஆட்டம் நடத்தும் இந்த பேஸ்பால் சிமுலேஷனுக்குள் நான் வந்தது கணினி வழியாக அல்ல, ஓர் அட்டைப் பெட்டி வழியாக. நியூ ஜெர்சிக்கு நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள் என்று சொல்லி, ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பெட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார். ஹால் ரிச்மன் என்பவர் 1961-இல் விற்கத் தொடங்கிய விளையாட்டு அது. வீரருக்கு ஓர் அட்டை, ஆட்டத்துக்கு மூன்று பகடைகள். முதல் பகடையில் ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். நான்கு முதல் ஆறு வரை விழுந்தால் வீச்சாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை, எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று சொல்லும். ஒரு வீரர் ஒரு பருவம் முழுவதும் செய்தது அந்தச் சிறிய அட்டைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

சில ஆண்டுகள் கழித்து, எல்லாக் காலத்து வீரர்களையும் கலந்து எட்டு அணிகள் கொண்ட லீக் ஒன்றை நடத்த விரும்பினேன். முதல் தளத்துக்கு 1930-இன் பில் டெரியைத் தயங்காமல் எடுத்தேன். அவருடைய மட்டைச் சராசரி, அதாவது முயற்சிக்கு எத்தனை அடி என்ற விகிதம், 0.401. இடது வெளிக்களத்துக்கு 1968-இன் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியை எடுக்கலாமா என்று யோசித்து, 0.301 என்ற எண்ணைப் பார்த்ததும் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டேன். அந்த 0.301-தான் அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கிலேயே (உச்சமட்டமான மேஜர் லீக் பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்று; மற்றது நேஷனல் லீக்) மிக உயர்ந்த சராசரி என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 1930-இல் நேஷனல் லீக் முழுவதும் சேர்ந்தே 0.303 அடித்திருக்கிறது. 1968-இல் அமெரிக்கன் லீக்கின் சராசரி 0.230. டெரியைத் தம் லீக்கால் வகுத்தால் 1.32 வருகிறது; யஸ்ட்ரெம்ஸ்கியை வகுத்தால் 1.31. நான் நூறு புள்ளி இடைவெளி என்று நினைத்தது முழுவதும் அந்தந்த ஆண்டின் காற்று. 1968-இல் வீச்சாளர் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ஓட்டம் மட்டுமே கொடுத்தார். வீச்சாளருக்கு இருந்த சாதகத்தைக் குறைக்க, மறு ஆண்டே அவர் நின்று எறியும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக இறக்கினார்கள். அந்த மேட்டின் உயரத்தை நான் யஸ்ட்ரெம்ஸ்கியின் குறையாக எண்ணியிருக்கிறேன்.

ஒரு வீரரைச் சேர்த்த பிறகுதான் அவரோடு கூடவே வேறு எதையோ சேர்த்துவிட்டோம் என்று உங்களுக்கும் தெரிய வந்ததுண்டா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

நண்பருடைய தவறு கண்ணியமானது. என்னுடையது அப்படியல்ல.

நான் எந்த விளையாட்டையும் வாங்கவில்லை. விரிதாளில் சொந்தமாக ஒன்றை எழுதினேன். ஒரு வீரரின் உண்மையான எண்களை அப்படியே நிகழ்தகவாக மாற்றிவிடுவேன். பத்து முறை ஆடி மூன்று முறை அடித்தவருக்கு முப்பது விழுக்காடு. இதில் என்ன தவறு நேர முடியும் என்ற துணிச்சலோடு, வேடிக்கைக்காக எடி கெய்டலைச் சேர்த்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1951 ஆகஸ்ட் 19 அன்று, செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணியின் உரிமையாளர் பில் வெக், 3 அடி 7 அங்குல உயரமுள்ள கெய்டலை, 1/8 என்று எண் பொறித்த சட்டையோடு மட்டை பிடிக்க அனுப்பினார். டெட்ராய்ட் வீச்சாளர் பாப் கெய்ன் எறிந்த நான்கு பந்துகளும் உயரமாகவே போயின. நான்கும் தவறான பந்துகள் என்பதால் கெய்டல் அடிக்காமலே நடந்து முதல் தளத்துக்குப் போனார்; இதற்குத்தான் வாக் என்று பெயர். அவருக்குப் பதிலாக ஓட வேறொருவர் வந்தார். லீக் தலைவர் உடனே அந்த ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கினார். ஆனால் ஏட்டில் அந்த ஒரு வாக் நின்றுவிட்டது. என் விரிதாளுக்கு அது நூறு விழுக்காடு. எல்லாத் தளங்களிலும் ஆள் நிற்கும்போது கெய்டலை அனுப்பினால் போதும், ஓர் ஓட்டம் தானாக வரும். ஒரு பருவத்தில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட ஓட்டங்களை எடுத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவரை நீக்கிய கையோடு ஜான் பசியோரெக்கைச் சேர்த்ததுதான் அதைவிடப் பெரிய அறியாமை. 1963 பருவத்தின் கடைசி நாளில் ஹூஸ்டன் அணிக்காக ஆடியபோது அவருக்கு வயது 18. அடிக்க முயன்ற மூன்றிலும் மூன்று அடி, இரண்டு வாக், நான்கு ஓட்டங்கள். முதுகு வலியால் அதன் பிறகு அவர் மேஜர் லீக்கில் ஆடவே இல்லை. வாழ்நாள் சராசரி 1.000. என் லீக்கில் அவரை யாராலும் அவுட்டாக்க முடியவில்லை. பருவம் முழுவதும் அவர் ஒரு முறைகூட அவுட்டாகாததைக் கண்டு கணினி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இப்போது நான் செய்வது எளிது. யாரைச் சேர்த்தாலும், அவருடைய எண்களோடு அந்த ஆண்டு லீக்கின் சராசரி ஆட்டக்காரர் ஒருவரின் 200 முயற்சிகளைக் கலந்துவிடுகிறேன். 1963-இன் நேஷனல் லீக் சராசரி 0.245, அப்படியானால் 200-க்கு 49 அடிகள். பசியோரெக்கின் மூன்றையும் சேர்த்தால் 203-க்கு 52, அதாவது 0.256. பதினெட்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி ஒரே ஒரு மாலைப்பொழுதை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அறுநூறு முறை ஆடியவரை இந்தக் கலப்பு இந்த அளவுக்கு மாற்றிவிடாது. ஐந்து முறை ஆடியவரை அடியோடு மாற்றிவிடும்.

இடக்கை வீச்சு:

வீச்சாளர்களில் இதே பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் 1884-இன் சார்லஸ் ராட்போர்னை, "ஓல்ட் ஹோஸ்" என்று அழைக்கப்பட்டவரை, இக்கால அணி ஒன்றில் சேர்த்தேன். ப்ராவிடன்ஸ் அணிக்காக அந்த ஒரே ஆண்டில் 678 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர் அவர். வெற்றிகள் 59 என்றும் 60 என்றும் எண்ணுவோர் உண்டு. தொடங்கிய 73 ஆட்டங்களையும் அவரே முடித்தார். இங்கே சிறிய எண்ணிக்கை என்ற குறை கிடையாது. மலைபோல் எண்கள் குவிந்திருக்கின்றன. அதனால்தான் ஏமாந்தேன்.

அவருடைய தாங்கும் திறனை நான் அப்படியே ஏற்றியதால், மற்ற நான்கு தொடக்க வீச்சாளர்களும் பருவம் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ராட்போர்ன் இரண்டு நாளுக்கு ஒரு முறை வந்து, 95 மைல் வேகக்காரர்களோடு போட்டியிட்டு, சலிக்காமல் வென்றார். பிறகுதான் விதிகளைப் படித்தேன். அவர் நின்றது 60 அடி 6 அங்குலத்தில் அல்ல. அந்தத் தூரம் 1893-இல் வந்தது. அவர் காலத்து வீச்சுப் பெட்டியின் முன்கோடு 50 அடியில் இருந்தது. நான்கு தவறான பந்துகளுக்கு ஒரு வாக் என்ற விதியே 1889-இல்தான் நிலைத்தது. களத்தில் நின்றவர்களில் பலர் வெறுங்கையால் பந்தைப் பிடித்தவர்கள். ஆகவே விட்ட ஓட்டங்களில் பெரும்பகுதி களத்தாரின் பிழைக் கணக்கில் போய், வீச்சாளரின் ஏடு சுத்தமாகத் தெரிகிறது.

அன்று முதல் 1893-க்கு முற்பட்ட எந்த வீச்சாளரையும் நான் சேர்ப்பதில்லை. இது அநியாயம் என்று சொல்வோர் இருக்கலாம். திருடிய தளங்களுக்கும், அதாவது பந்து அடிக்கப்படாமலே ஓடிப் பிடித்த தளங்களுக்கும், இதே போன்ற ஒரு கோடு வைத்திருக்கிறேன்: 1898-க்கு முன், சக ஆட்டக்காரர் அடித்த பந்தில் கூடுதலாக ஒரு தளம் ஓடினாலும் அதைத் திருட்டு என்றே எழுதினார்கள். ஒரு பருவத்தில் ஹியூ நிகல் திருடிய 138-ஐயும் ரிக்கி ஹெண்டர்சன் திருடிய 130-ஐயும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய கையுறை:

லீக்கால் வகுக்கும் என் முறைக்கும் எல்லை உண்டு என்பதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை சொல்லிவிடுவார். 1920-இல் பேப் ரூத் 54 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்தார். அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கின் எட்டு அணிகளும் சேர்ந்து 369. ஓர் அணிக்குச் சராசரி 46. அதாவது ஒரு முழு அணியைவிட அவர் ஒருவர் அதிகம். 2019-இல் முப்பது அணிகள் 6,776 ஹோம் ரன் அடித்தன. ஓர் அணிக்கு ஏறக்குறைய 226. அதே விகிதத்தில் ரூத்தை அங்கே கொண்டுபோனால் அவர் ஒரு பருவத்தில் 265 ஹோம் ரன் அடிக்க வேண்டும். என் லீக்கில் அடித்தார். மற்ற ஏழு மேலாளர்களும் ஒரே வாரத்தில் விலகினார்கள். சராசரிக்குப் பொருந்தும் வகுத்தல், மற்றவர்கள் இன்னும் கற்றுக்கொள்ளாத ஒரு வித்தையைக் கற்றவருக்குப் பொருந்துவதில்லை. இப்போது ரூத்துக்கு மட்டும் கையால் ஓர் உச்சவரம்பு எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் பேஸ்:

எங்கள் லீக்கில் பெரிய சண்டை ஜாஷ் கிப்சனால் வந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் குழுவில், முதல் தேர்வு எனக்கு விழுந்தபோது நான் அவர் பெயரைச் சொன்னேன். 2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால், கறுப்பின வீரர்களை மேஜர் லீக் சேர்க்காத காலத்தில் அவர்களுக்காகத் தோன்றிய, 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீக்குகளாக ஏற்றது. 2024 மே மாதம் அவற்றின் எண்கள் அதிகாரபூர்வ ஏட்டில் இணைந்தன. அவற்றில் ஆடிய கிப்சனின் வாழ்நாள் சராசரியான 0.372, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பின் 0.367-ஐ முந்தி முதலிடத்துக்கு வந்தது. 1943-இல் அவர் அடித்த 0.466, அதுவரை ஒரு பருவத்துக்கு உச்சமாக இருந்த ஹியூ டஃபியின் 0.440-ஐக் கீழே தள்ளியது.

குழுவில் ஒருவர் எழுந்து, அவை குறுகிய பருவங்கள், அந்த எண்களை நம்ப முடியாது என்றார். குறுகியவை என்பது உண்மைதான். அந்த அணிகளின் ஆட்டங்களில் பெரும்பகுதி ஊர் ஊராகப் போய் ஆடியவை. அவை லீக் கணக்கில் வருவதில்லை. பேஸ்பால் புகழ் மன்றத்தில் உள்ள கிப்சனின் நினைவுப் பலகை ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்று சொல்வதும், லீக் ஏடு அதைவிட மிகக் குறைவாகச் சொல்வதும் இதனால்தான். ஆனால் மறுப்புச் சொன்ன நண்பர் தம் அணியில் 2020-இன் டிஜே லெமஹியூவை 0.364 சராசரியோடு வைத்திருந்தார். பெருந்தொற்று ஆண்டான 2020-இல் ஆடப்பட்டது 60 ஆட்டங்கள் மட்டுமே. அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ரூத்தும் காப்பும் சாச்சல் பெய்ஜ் போன்ற கறுப்பின வீச்சாளர்களைத் தங்கள் லீக்கில் ஒரு முறைகூட எதிர்கொள்ள வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தரம் பற்றிய கேள்வியை ஒரு பக்கம் மட்டும் கேட்பது முறையல்ல.

இந்த எண்கள் எப்படி வந்தன என்பது எனக்கு எப்போதும் வியப்பு. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பின மக்களின் செய்தித்தாள்களில் அச்சான ஆட்டப் பட்டியல்களை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சேர்த்தவை அவை. அச்சாகாத ஆட்டம் இல்லாத ஆட்டமே. மட்டை எண்கள் இப்படி மீண்டன. மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சராக, தளம் திருட ஓடியவர்களில் எத்தனை பேரை கிப்சன் இரண்டாம் தளத்தில் வீழ்த்தினார் என்பதற்கு முழுக் கணக்கு கிடைக்கவில்லை. அந்த மதிப்பை நானே இட வேண்டியிருந்தது. லீக் சராசரிக்குக் கொஞ்சம் மேலே இட்டேன். அது என் ஊகம் என்று அட்டையிலேயே எழுதியும் வைத்தேன்.

எந்த ஆண்டின் கிப்சன் என்பது அடுத்த கேள்வி. 0.466 கண்ணை இழுத்தது. ஆனால் அந்த 1943-இன் தொடக்கத்தில் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தவர் அவர். எதிரணிகளில் பலர் போருக்குப் போயிருந்த ஆண்டும் அது. ஒரே பருவத்தை எடுக்காமல், ஐந்து பருவங்களின் சராசரியை எடுத்தேன். கணக்குப்பிள்ளை சொல்லும் கலப்பையும் செய்தேன். அதற்குப் பிறகும் எங்கள் லீக்கின் சிறந்த மட்டையாளர் அவர்தான். 1947 ஜனவரியில், 35 வயதில், மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் கால் வைப்பதற்கு மூன்று மாதம் முன்பு அவர் இறந்தார். எங்கள் லீக்கில் அவருக்கு இப்போது 38 வயது. முழங்கால் வலியோடு முதல் தளத்தில் நிற்கிறார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ்:

எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. மட்டையாளர் டெட் வில்லியம்ஸ் போருக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க, 1943 முதல் 1945 வரை அவரை ஆட வைத்தேன். நியாயத்துக்காக, பெர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த உடனேயே படையில் சேர்ந்த வீச்சாளர் பாப் ஃபெல்லரையும் விடுவிக்க வேண்டியதாயிற்று. மூன்று ஆண்டுகளும் வில்லியம்ஸ் ஃபெல்லரிடம் சிக்கித் திணறினார். ஆசைப்பட்டது 600 ஹோம் ரன். வந்தது அதற்கு வெகு குறைவு. ஒருவரை மட்டும் வீட்டில் இருத்திவிட்டு இன்னொருவரைக் கப்பலில் ஏற்ற என்னால் முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:

மூன்றாம் பேஸ் அவர்களின் பகிர்வைப் படித்த பிறகு, என் விதிக்கு நானே ஒரு விலக்கு வைத்திருப்பதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

1934 நவம்பர் 20 அன்று, ஜப்பானின் ஷிசுவோகாவில், சுற்றுப்பயணம் வந்த அமெரிக்க நட்சத்திர அணிக்கு எதிராக எய்ஜி சவாமுரா என்ற 17 வயதுப் பையன் பந்து வீசினான். கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் ஆகிய நால்வரையும் அடுத்தடுத்து ஸ்டிரைக் அவுட் செய்தான், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் அவுட்டாக்கினான். ஏழாவது இன்னிங்ஸில் லூ கெரிக் அடித்த ஒரே ஹோம் ரன்னால் 1-0 என்று தோற்றான். பின்னர் ஜப்பானியத் தொழில்முறை லீக்கில் ஆடி, 1944 டிசம்பரில் போருக்குப் போன கப்பலோடு கடலில் மூழ்கி இறந்தான். என் 200 முயற்சிக் கலப்பை இட்டால் அந்த மாலையிலிருந்து எதுவும் மிஞ்சாது; சராசரி வீச்சாளன் ஒருவன்தான் கிடைப்பான். கலப்பை விட்டுவிட்டால் இன்னொரு பசியோரெக் கிடைப்பான்.

ஆகவே நான் அவனை எந்த அணியிலும் சேர்க்கவில்லை. கலப்பு இல்லாமல் தனி அட்டை ஒன்று எழுதி, ஆண்டுக்கு ஒரே ஓர் ஆட்டத்தில், நவம்பர் மாதத்தில், அந்த நால்வரும் உள்ள அதே வரிசைக்கு எதிராக மட்டும் வீச விடுகிறேன். அந்த ஆட்டம் எந்தப் புள்ளிப் பட்டியலிலும் சேராது. இதுவரை ஒன்பது முறை ஆடியாயிற்று. ரூத் இரண்டு முறை சிக்கினார், ஃபாக்ஸ் ஒரு முறை பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். சென்ற நவம்பரில் ஏழாவது இன்னிங்ஸில் கெரிக் வந்தபோது பகடையை உருட்டும் வேலையை என் மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் அங்கிருந்து "வாக்" என்று குரல் கொடுத்தாள்.