புதுப்பிப்பு: சேலம் வாடகை வீட்டில் நண்பருக்கு ஓர் அறை, எழுத்தில் ஒப்புதல் கிடைத்தது

அஸ்தம்பட்டி வாடகை வீட்டின் ஓர் அறையை, உரிமையாளரிடம் சொல்லாமல் நண்பருக்கு உள்வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. "குடிவரும் முன்பே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்" என்ற யோசனைதான் பலன் தந்தது.

2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ முன்ஒப்புதல் இல்லாமல் ஒரு பகுதியைக்கூட உள்வாடகைக்கு விடக் கூடாது. வீட்டைக் காலிசெய்யக் கோர அதுவே காரணமாகும். நண்பர்தானே, விருந்தாளி என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது ஆபத்தான எண்ணம்: மாதாமாதம் ஜிபேயில் வரும் பணமே வாடகைக்குச் சாட்சி.

எதிர்பாராதது ஒன்று. உரிமையாளர் உள்வாடகைக்கு மறுத்தார். நண்பரையும் வாடகைதாரராகச் சேர்த்துப் புது ஒப்பந்தம் போடச் சம்மதித்தார். இதுவே நல்லது. நண்பருக்கும் நேரடி உரிமை உண்டு, நான் காலிசெய்தாலும் அவர் நடுத்தெருவில் நிற்க வேண்டாம். ஆனால் ஒருவர் தராவிட்டால் மற்றவரே முழு வாடகையும் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால் எங்கள் இருவருக்குள் தனியாக ஒரு தாள் எழுதினோம்: வாடகைப் பங்கு, கரண்ட் பில்லில் பாதி, காலிசெய்ய ஒரு மாத முன்னறிவிப்பு. அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் உரிமையாளரின் ரசீதிலேயே எழுதி வாங்கினோம். பழைய ரசீது என் பெயரில் மட்டுமே இருந்தது.

புது ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும்.