தேரூர்க் குளத்தில் பறவைகள் எட்டவே மாட்டேன் என்கின்றன. பெரிய லென்ஸ் வாங்கலாமா?

தக்கலைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். கையில் கேனான் 200டி, 55-250 லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரி மாவட்டத்தில் தேரூர், சுசீந்திரம் குளங்கள் என்று போய்விடுவேன். நீலத்தாழைக் கோழி, இலைக்கோழி எல்லாம் தாமரை நடுவில் நிற்கின்றன. படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. கடையில் கேட்டால் இன்னும் தூரம் எட்டும் 150-600 மி.மீ. லென்ஸ் வாங்கு, மாதத் தவணையில் தருகிறோம் என்கிறார்கள். வீட்டில் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. அது இல்லாமல் நடக்காதா?

ஏலாக்கரை:
மக்ளே, தவணைக்குக் கையெழுத்துப் போடாதே. உன் லென்ஸ் போதும், குளத்தை விட்டு வயலுக்கு வா. இது புரட்டாசி. கன்னிப்பூ நெல் அறுத்தாச்சு, அடுத்த போகமான கும்பப்பூவுக்கு உழவு நடக்கிறது. தண்ணீர் கட்டிய ஏலாவில், அதாவது வயல்வெளியில், டிராக்டர் இறங்கினால் உண்ணிக்கொக்கு சக்கரத்துக்குப் பின்னாலேயே நடக்கும். சேற்றில் புரண்டு வரும் பூச்சி, தவளை, நண்டுதான் அதற்குக் குறி. வரப்பில் நிற்கிற ஆளை அது கணக்கிலேயே எடுக்காது. மேலே மீசை ஆலா வட்டமடிக்கும். சட்டென்று தலையைக் கவிழ்த்து இறங்கி, அலகு மட்டும் தண்ணீரில் பட, எதையோ கொத்திக்கொண்டு ஏறிவிடும். அந்த இடத்தில் 250 மி.மீ.யே சில சமயம் அதிகம், சிறகு படத்துக்கு வெளியே போய்விடும். நத்தைகுத்தி நாரை கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அது நத்தை எடுக்கும்போது அலகின் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கவனித்துப் பார்.

பறக்கிற சிறகு கலங்காமல் இருக்க ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் குறையாமல் வை. கறுத்த சேற்றைப் பார்த்துக் கேமரா தானாக ஒளியைக் கூட்டிவிடும், கொக்கின் இறகு சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் மேனுவலில் வைத்து, வெள்ளையில் இறகின் வரி தெரிகிற அளவுக்கு ஒளியைக் குறைத்துக்கொள். அப்புறம் நின்றுகொண்டு எடுக்காதே. துணிப்பையில் கொஞ்சம் அரிசி போட்டுக் கட்டி வரப்பில் வை, அதன்மேல் லென்ஸை வைத்து உட்கார்ந்து எடு. பறவையின் கண்ணும் உன் கண்ணும் ஒரே மட்டத்தில் வந்தால் படமே வேறு.

குளம்தான் வேண்டும் என்றால் வேம்பனூருக்கும் போய்ப் பார். சுசீந்திரம், தேரூர் போலவே 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், வந்த இடம். சுசீந்திரம்–தேரூர் 94 ஹெக்டேர் என்றால் இது சுமார் 20தான், கரையிலிருந்து தூரம் குறைவு. மாசியில் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் அணையை அடைத்த பிறகு குளங்களில் தண்ணீர் வற்ற வற்றப் பறவைகள் ஓரிடத்தில் சேரும்.

உப்பளத்து அக்கா:
அண்ணாச்சி சொன்னது சரி. புத்தளம் உப்பளத்தையும் சேர்த்துக்கொள் தங்கச்சி. நெடுங்கால் உள்ளான் பாத்தியோரமாகவே நடக்கும், வேலை செய்கிறவர்களைப் பார்த்துப் பழகியது. விடிந்து கொஞ்ச நேரத்துக்குள் முடித்துவிடு. வெயில் ஏறினால் உப்புத்தரையில் கானல் ஆடும், எந்த லென்ஸும் கூர்மையாகக் காட்டாது. வீட்டுக்கு வந்ததும் கேமராவை ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடை. கடல்காற்றில் வரும் உப்பு, லென்ஸ் வளையங்களின் இடுக்கில் இறங்கிவிடும். பாத்திக்குள் கால் வைக்காதே, மற்றவர் பிழைப்பு அது.

தக்கலைக்காரி:
ரொம்ப நன்றி. இன்னொன்று. கோரைக்குள் ஒரு கூடு தெரிகிறது. இரண்டு கோரையை விலக்கினால் முட்டையோடு தெளிவாக எடுக்கலாம் என்று உடன் வந்தவர் சொன்னார். எடுக்கலாமா?

ஏலாக்கரை:
வேண்டாம் மக்ளே. இதில் நான் கொஞ்சமும் இறங்கி வரமாட்டேன். அந்தக் கோரைதான் கூட்டுக்குக் கூரையும் சுவரும். விலக்கினால் மேலே காகம் பார்க்கும், முட்டையில் வெயில் அடிக்கும். நீ நிற்கிற வரைக்கும் தாய் திரும்பி வராது. இலைக்கோழி என்றால் அடைகாப்பது ஆண், அதுவும் எழுந்து போய்விடும். இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாதே, படத்தில் இடக்குறியும் போடாதே. குஞ்சுகள் வெளியே வந்து தாமரை இலைமேல் நடக்கும்போது கரையிலிருந்தே எடுக்கலாம்.

எங்கள் ஏலாவில் வெள்ளிக்கிழமை காலை உழவு. வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு ஆறரைக்கு முன்னால் வந்துவிடு. டிராக்டர் ஓட்டுகிறவரிடம் நான் சொல்லிவைக்கிறேன்.