வீட்டுக் கம்ப்யூட்டரும் கூப்பிடாமல் வரும் உதவியும்: அனுபவப் பகிர்வு

சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் யார் வீட்டில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் போன் எனக்குத்தான் வரும். போய்ப் பார்த்தால் நிஜமாகவே வைரஸ் புகுந்த மெஷின் ரொம்பக் குறைவு. வைரஸ் வந்துவிட்டதாகப் பயமுறுத்தி, ஆளையே ஏதாவது செய்யவைத்த கதைகள்தான் அதிகம்.

பெரியப்பா ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, அஞ்சு வைரஸ் இருக்குன்னு வந்துக்கிட்டே இருக்கு, பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லுது" என்றார். திரையின் வலது மூலையில் ஆன்டிவைரஸ் கம்பெனி லோகோ மாதிரி ஒன்று, சிவப்பு எழுத்து, 'இப்போதே ஸ்கேன் செய்' என்று ஒரு பட்டன். அதற்கு அடியில் பொடி எழுத்தில் பிரவுசரின் பெயரும், கேள்விப்படாத ஒரு தள முகவரியும் இருந்தன. சமாசாரம் அவ்வளவுதான். ஏதோ ஒரு வீடியோ தளம் 'நோட்டிபிகேஷன் அனுப்பலாமா?' என்று கேட்டிருக்கிறது, அவர் 'அலோ' கொடுத்திருக்கிறார். பிரவுசர் செட்டிங்ஸில் தள அனுமதிகளுக்குப் போய், நோட்டிபிகேஷன் பட்டியலில் அந்த முகவரியை நீக்கியதும் நின்றுவிட்டது. பட்டியலைப் பார்த்தால் இன்னும் ஒரு டஜன் தளங்கள் வரிசை கட்டி நின்றன. அத்தனையையும் தூக்கினேன். உங்கள் வீட்டு மெஷினிலும் ஒருமுறை திறந்து பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும்.

இன்னொன்று கொஞ்சம் சீரியஸ். அலுவலக நண்பரின் அம்மாவுக்கு நடந்தது. சமையல் குறிப்பு தேடும்போது திரை முழுக்கச் சிவப்பாகி, 'கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, அணைக்காதீர்கள்' என்று ஒரு குரல் கத்த ஆரம்பித்திருக்கிறது. கீழே போன் நம்பர். அவர் அழைத்தார். பேசியவன் மிகவும் மரியாதையாகப் பேசியிருக்கிறான். "அம்மா, நான் சொல்வதை மட்டும் டைப் செய்யுங்கள்" என்று கறுப்பு விண்டோவைத் திறக்கவைத்து, 'அசோக்' (assoc) என்கிற கட்டளையைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். நீளமான பட்டியல் ஓடி, கடைசிப் பக்கத்தில் 888 என்று தொடங்கும் ஒரு பெரிய எண் வந்து நிற்கும். அதை அவர் படிக்கும் முன்பே அவன் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டான். "இது உங்கள் மெஷினுக்கு மட்டுமே உரிய லைசென்ஸ் எண், எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது" என்றானாம். அப்புறம் யார்தான் நம்பமாட்டார்கள்?

விஷயம் என்னவென்றால், அந்த எண் எல்லா விண்டோஸிலும் ஒன்றேதான். என் லேப்டாப்பிலும் அதே எண்தான் வருகிறது. அடுத்து 'ஈவென்ட் வியூவர்' திறந்து சிவப்பு எரர்களைக் காட்டுவார்கள். அதுவும் நேற்று வாங்கிய மெஷினில்கூட இருக்கும், சாதாரணப் பதிவேடு.

தொலைவிலிருந்து இயக்கும் செயலியை அவர் இறக்கிக்கொண்டிருந்தபோது மகன் உள்ளே வந்ததால் அதோடு நின்றது. அன்றைக்கு நாங்கள் செய்தது: முதலில் வைஃபையைத் துண்டித்தோம், செயலியை நீக்கினோம், முழு ஸ்கேன் ஓடவிட்டோம். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு மெஷினிலிருந்து மாற்றினோம். வங்கிக்கும் சொல்லிவைத்தோம். பாஸ்வேர்டை அதே மெஷினில் உட்கார்ந்து மாற்றினால், உள்ளே ஒருவன் இருக்கும்பட்சத்தில் புதியதும் அவனுக்குத்தான் போகும்.

அந்தச் சிவப்புத் திரை வெறும் வெப் பக்கம்தான். எஸ்கேப் கீயைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். அதுவும் ஆகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடலாம். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திறக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அதே பக்கம் திரும்பி வந்து நிற்கும். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. திரையில் நம்பர் கண்ணில் பட்டால் போலி என்பதற்கு அதுவே போதும், ஆராய்ச்சி தேவையில்லை.

நான் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருப்பது ஒன்றுதான்: நீங்கள் தேடிப் போனதா, அதுவாக உங்களைத் தேடி வந்ததா என்று பாருங்கள். அதுவாக வந்தது என்றால் மூடிவிட்டு, வேண்டுமானால் உங்களுக்குத் தெரிந்த வழியில் நீங்களே போங்கள். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

உங்கள் விதிக்கு ஒரு சிக்கலான உதாரணம் தருகிறேன். என் மகள் புராஜெக்டுக்காகத் தானே தேடிப் போன தளம்தான். 'நான் ரோபோ அல்ல' என்று வழக்கமான பெட்டி வந்தது. டிக் செய்ததும், சரிபார்ப்புக்கு மூன்று படிகள் என்றது: விண்டோஸ் கீயோடு ஆர், பிறகு கன்ட்ரோலோடு வி, கடைசியில் என்டர்.

இரண்டாவது படி வரை போய்விட்டாள். முதல் படியில் திறந்த ரன் பெட்டியில் (கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் பெட்டி) 'நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண்' என்று ஒரு வரி தெரிந்தது. பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டி சின்னது, ஒட்டியதன் வால் மட்டும்தான் அதில் தெரியும். 'நான் எதையும் காப்பி செய்யவே இல்லையே, இது எங்கிருந்து வந்தது?' என்று அவளுக்குத் தோன்றி ஹோம் கீயை அழுத்தியிருக்கிறாள். வரியின் தொடக்கம் 'பவர்ஷெல்', அதாவது விண்டோஸின் கட்டளைக் கருவி! டிக் செய்த நொடியில் அந்தப் பக்கமே கட்டளையை கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) வைத்துவிட்டது. என்டர் தட்டியிருந்தால் எங்கிருந்தோ ஒரு நிரலை இறக்கி ஓட்டியிருக்கும். இந்த வகைக்கு 'கிளிக்ஃபிக்ஸ்' என்று பெயர், 2024-லிருந்து நிறையவே புழங்குகிறது.

அவளே தட்டுவதால் பிரவுசரும் தடுக்காது, 'டவுன்லோட் ஆபத்தானது' என்ற எச்சரிக்கையும் வராது. உண்மையான கேப்ட்சா (ரோபோ அல்ல என்று சரிபார்க்கும் பெட்டி) எதுவும் பிரவுசருக்கு வெளியே போய் கீ தட்டச் சொல்லாது. படம் பொறுக்கச் சொல்லி உயிரை வாங்கும், அவ்வளவுதான்.

*

என் பங்குக்குச் சுருக்கமாக ஒன்று. பாஸ்வேர்டுகளைச் சேமித்து, அந்தந்தத் தளத்தில் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துகிறேன். மெயிலில் வந்த லிங்கில் போனபோது லாகின் பக்கம் அச்சு அசலாக இருந்தது, பூட்டுச் சின்னமும் இருந்தது. ஆனால் மேனேஜர் பாஸ்வேர்டை நிரப்பவில்லை. முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தால் 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் '1'. கண் ஏமாந்தாலும் மென்பொருள் ஏமாறவில்லை. பூட்டுச் சின்னம் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் சொல்கிறது, அந்தப் பக்கம் இருப்பவன் யோக்கியன் என்று சொல்லவில்லை. 2023-இல் குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்று என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே அதைக் கைவிட்டுவிட்டது. மாற்றச் சொன்னால் எல்லோரும் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், வேறென்ன? நீளமாக, தளத்துக்கு ஒன்றாக வையுங்கள், கசிந்தது தெரிந்தால் மாற்றுங்கள். மேனேஜர் ஒத்துவராத பெரியவர்கள் நோட்டில் எழுதி பீரோவில் வைக்கட்டும். இணையத்தில் திருடுபவன் பீரோவுக்கு வரமாட்டான்.

*

எல்லாமே ஏமாற்றிச் செய்யவைப்பதுதான் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 2017 மே மாதம் வந்த வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) யாரையும் கிளிக் செய்யச் சொல்லவில்லை. விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவியது. அதற்கான அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. இரண்டு மாதம் 'பிறகு நினைவூட்டு' கொடுத்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இன்னும் அதிலேயே இருப்பவர்கள் கவனியுங்கள்.

தங்கை வீட்டில் ரான்சம்வேர் வந்தபோது போட்டோக்களின் பெயர்களுக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒன்றுகூடத் திறக்கவில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் இருந்தது, ஆனால் அது வருடம் முழுக்க மெஷினிலேயே செருகிக் கிடந்ததால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. மிஞ்சியது மாப்பிள்ளை எப்போதோ பழைய டிஸ்க்கில் நகல் எடுத்து டிராயரில் போட்டு மறந்தது மட்டும். கடைசி இரண்டு வருடப் படங்கள் போனது போனதுதான். பேக்கப் எடுத்ததும் கழற்றிவையுங்கள். அவ்வப்போது அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்கள்.

*

வானாக்ரை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அப்டேட் பற்றி என் பதிவில் நான் சொல்லாமல் விட்டிருக்கக் கூடாது. ரோபோ பெட்டிக் கதையும் என் விதியில் ஓட்டை போடுகிறது. தேடிப் போன இடத்தில் நாம் கேட்காததை அது செய்யச் சொன்னாலும் மூடிவிட வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. வீட்டில் எல்லோரும் அட்மின் கணக்கிலேயே உட்காராதீர்கள். பெரியப்பாவுக்குச் சாதாரணக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். பெரும்பாலும் எதையாவது நிறுவப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், எனக்கு போன் வரும். பாதி நேரம், "வேண்டாம் விடு, எதுக்குன்னே எனக்கு ஞாபகம் இல்ல" என்று அவரே வைத்துவிடுகிறார்.

தனிச்செய்தியில் ஒருவர் பணம் கட்டி ஆன்டிவைரஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. அதை யாரும் அணைத்துவைக்கவில்லையா என்று மட்டும் பாருங்கள். திருட்டு மென்பொருள் நிறுவும்போது 'முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்று எழுதியிருக்கும், பசங்க அணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள்.