காரைக்குடிப் பக்கத்தில் குடிநோயாளிகளுக்கான கூட்டத்தைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: கானாடுகாத்தான் வாசகி

வணக்கம். என் கணவருக்கு 49 வயது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் நாள்களில் ஒரு சொட்டும் தொடமாட்டார் என்பதால், மனம் வைத்தால் விட்டுவிடக்கூடியவர்தான் என்று பல ஆண்டுகளாக வீட்டில் அனைவரும் நம்பியிருந்தோம். இந்த ஆண்டு விரதம் தொடங்கிய இரண்டாம் நாளே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் மீண்டும் குடி தொடங்கிவிட்டது. காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நின்று கடையைத் திறக்க முடிகிறது.

குடியை விட விரும்புபவர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன். அவை எங்கே நடக்கின்றன, கட்டணம் எவ்வளவு, மனைவி உடன் செல்லலாமா என்று தெரிந்தவர்கள் கூறுங்கள். மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் என்பதால், ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. குழம்பில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றைக் கொழுந்தனார் வாங்கி வந்திருக்கிறார். அதைக் கொடுக்கலாமா?

பதில் 1: தேவகோட்டைக்காரன்

ஆச்சிக்கு வணக்கம். நான் குடியை நிறுத்தி 11 ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் கேள்விப்பட்டது ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமாக இருக்கும். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை நிறுத்த முடியாமல் தவித்த இருவர் சந்தித்துப் பேசியதிலிருந்து தொடங்கிய அமைப்பு அது. அவர்களில் ஒருவர் பங்குச் சந்தைக்காரர், மற்றவர் அறுவை மருத்துவர். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் மனம் திறந்து பேசும்போது இருவருமே அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். இன்றும் கூட்டத்தில் நடப்பது அதுதான்.

கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. இறுதியில் வாடகைக்கும் தேநீருக்குமாக ஒரு பை சுற்றி வரும்; அதில் பணம் போட வேண்டிய கட்டாயமில்லை. நான் முதன்முதலில் மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். உள்ளூரில் தலைகாட்ட வெட்கப்பட்டுத்தான் அவ்வளவு தூரம் பேருந்தில் சென்றேன். ஒரு பள்ளியின் சிறு அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். என் ஊரையோ குலத்தையோ ஒருவரும் கேட்கவில்லை. நான் ஒரு சொல்லும் பேசாமல் ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருந்தேன், அதையும் யாரும் குறையாகக் கருதவில்லை. யாரோ ஒருவர் தம் மகளின் காதணியை அடகு வைத்துக் குடித்ததைச் சொன்னபோது, நான் யாரிடமும் சொல்லாத என் கதையை அவர் எப்படி அறிந்தார் என்று திகைத்துப்போனேன்.

யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். அந்த அறையில் அவரைப் பார்ப்பவரும் அதே நோய்க்காக வந்தவர்தான்; அங்கே கேட்டதை வெளியில் பேசுவதில்லை என்பது எங்கள் வழக்கம். டாஸ்மாக் வாசலில் அவரைப் பார்த்தவர்கள் ஏற்கெனவே பலர் இருப்பார்கள் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் உதவி எண்கள் இருக்கின்றன. அவற்றில் அழைத்து, காரைக்குடிக்கு அருகில் எந்த நாளில் எங்கே தமிழில் கூட்டம் நடக்கிறது என்று கேளுங்கள். சிறிய ஊர்களில் இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால், புறப்படும் நாளன்றும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியே செல்லத் தயங்கினால் இணையவழிக் கூட்டங்களும் உண்டு. 'திறந்த கூட்டம்' என்றால் நீங்களும் உடன் செல்லலாம். 'மூடிய கூட்டம்' குடிநோயாளிகளுக்கு மட்டுமே. ஒரு கூட்டம் பிடிக்கவில்லையென்றால் வேறு குழுவுக்குச் சென்று பாருங்கள்; நான் நிலைத்தது மூன்றாவது குழுவில்தான்.

பதில் 2: ஓய்வுபெற்ற செவிலியர், காரைக்குடி

கூட்டத்துக்கு முன்பாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள்களில் இல்லாத உருவங்கள் தெரிவதும், குழப்பமும், காய்ச்சலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விரதத்தின்போது உங்கள் வீட்டில் நடந்தது இதன் தொடக்கம்தான் என்று அஞ்சுகிறேன். ஒருமுறை வலிப்பு வந்தவரை வீட்டில் வைத்து நிறுத்த முயலவே கூடாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்துவார்கள். வழிகேட்க 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் இருக்கின்றன.

அந்தப் பொடியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிராம் போன்ற மருந்து கலந்திருந்தால், அது தெரியாமல் குடிப்பவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து மரணம்கூட நேரலாம். நோயாளி அறிந்து சம்மதித்தால் மட்டுமே மருத்துவர் தரும் மருந்து அது.

பதில் 3: பள்ளத்தூர் மருமகள்

உங்கள் கணவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு என்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே என் கணவரைத் திருத்தும் வழியை யாரும் சொல்லித்தரவில்லை. கடைக்கு விடுப்புச் சொல்லிப் பொய் பேசுவதையும், அவர் கடனை நான் அடைப்பதையும் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். எட்டு மாதங்கள் நான் மட்டும் போய்வந்தேன். ஒன்பதாம் மாதம் அவரே கூட்டத்தின் முகவரியைக் கேட்டார்.

கானாடுகாத்தான் வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. பொடியைக் கீழே கொட்டிவிட்டேன். திங்கட்கிழமை மருத்துவமனைக்கு வருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்; அதுவரை நானும் வலியுறுத்தி நிறுத்தச் சொல்லப்போவதில்லை. குடும்பத்தார் கூட்டத்துக்கு முதலில் நான் மட்டும் செல்கிறேன்.