சிங்கப்பூரில் இருந்து பழைய பின்பால் மெஷின்: தூத்துக்குடி சுங்கத்தில் என்ன செய்யணும்?

கேள்வி (பாளையங்கோட்டை)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிற எங்க அண்ணன் வீட்டில் ஒரு பின்பால் மெஷின் (எஃகுக் குண்டைத் தட்டி ஆடுறது) இருக்கு. வில்லியம்ஸ் கம்பெனி 1990-ல் விட்ட ஃபன்ஹவுஸ், நடுவில் பேசுற பொம்மைத் தலை உள்ளது. நல்லா ஓடுது. அதைப் பாளையங்கோட்டை வீட்டுக்குக் கொண்டு வரணும். கடை போட இல்லை, வீட்டில் வச்சுக்கத்தான். அங்குள்ள சரக்கு ஏஜென்ட் எல்சிஎல்-ல் (பல பேர் சரக்கோட சேர்த்து ஒரே கன்டெய்னரில்) தூத்துக்குடிக்கு அனுப்பலாம்னும், பேப்பரில் "பழைய மரச்சாமான்"னு போட்டுக்கிடலாம்னும் சொல்லுதார். அடுத்த வாரம் புக் பண்ணலாமா? டூட்டி எத்தனை சதவீதம் வரும்? அண்ணன் சும்மா தருதார், விலைன்னு எதுவும் இல்லை. அப்போ மதிப்பு பூஜ்யம்னு காட்டலாமா?

பதில் (தூத்துக்குடி, கிளியரிங் வேலை)

தம்பி, புக்கிங்கை முதல்ல நிறுத்துங்க. டூட்டி சதவீதம் ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்தச் சரக்கு உள்ளே வரவே அனுமதி இருக்கா என்பது.

வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023-ல் பத்தி 2.31 பழைய பொருட்களைப் பத்தினது. தொழிலுக்கோ சேவை கொடுக்கவோ பயன்படுற மூலதனப் பொருளா இருந்தா ஒரு கணக்கு. அந்த வகையில் சேராத பழைய பொருள் எல்லாம் "ரெஸ்ட்ரிக்டெட்". வீட்டில் வச்சு விளையாடுற பின்பால் மூலதனப் பொருள் ஆகாது. அதனால சாதாரண கார்கோவா வந்தா டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) கொடுக்கிற இறக்குமதி அனுமதி வேணும். ஏஎன்எஃப்-2எம் படிவத்தில் ஆன்லைனில் விண்ணப்பம் போடணும், முடிவு டெல்லிக் கமிட்டியில் ஆகும். சரக்கு கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே அனுமதி கையில் இருக்கணும். பெட்டி வந்து இறங்கின பிறகு ஓடுறவங்கதான் மாட்டிக்கிடுதாங்க.

அனுமதி இல்லாம வந்தா சுங்கச் சட்டம் 1962, பிரிவு 111(டி)-யில் பறிமுதலுக்கு உரியதாகிடும். பிரிவு 125-ல் மீட்பு அபராதம் கட்டி எடுக்க ஒரு வழி உண்டு, ஆனா தடை உள்ள பொருளுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கிறதும் மறுக்கிறதும் அதிகாரி கையில். அதோட பிரிவு 112-ல் தனியா பெனால்டி. இதெல்லாம் டூட்டிக்கு மேல. இந்த ரெண்டையும் பார்த்து முடிவெடுக்கிறதுக்குள்ள சிஎஃப்எஸ் (கன்டெய்னர் சரக்கைப் பிரிச்சு வைக்கிற நிலையம்) குடோன் வாடகை ஏறிக்கிட்டே இருக்கும்.

"பழைய மரச்சாமான்"னு எழுதச் சொல்லுத ஏஜென்டை விட்டுடுங்க. ஸ்கேனில் பெட்டிக்குள்ள டிரான்ஸ்ஃபார்மரும் காயிலும் பளிச்சுன்னு தெரியும். தப்பா அறிவிச்சா அதே சட்டத்தில் 111(எம்)-லும் பறிமுதல் வரும். எல்லாரும் செய்யுதாங்கன்னு சொல்லுவார். ஆனா பெட்டியைப் பிரிக்கும்போது பேப்பரில் இருக்கிறது உங்க பேரு, அவர் பேரு இல்லை.

மதிப்பு பூஜ்யம்னு காட்ட முடியாது. சும்மா கொடுத்தா விற்பனை விலை இல்லை, அவ்வளவுதான். சுங்க மதிப்பீட்டு விதிகள் 2007-ல் வேற முறையில் மதிப்புப் போடுவாங்க. அதே வருஷத்து, அதே மாடல், அதே நிலையில் உள்ள மெஷின் அங்கே என்ன விலைக்குப் போகுதுன்னு மூணு விளம்பரத்தை அச்செடுத்து வச்சுக்கிடுங்க. கப்பல் கூலிக்கும் இன்சூரன்ஸுக்கும் ரசீது காட்ட முடியாட்டா, கூலிக்கு எஃப்ஓபி மதிப்பில் (கப்பல் ஏத்துற வரைக்கும் உள்ள மதிப்பு) 20 சதவீதமும் இன்சூரன்ஸுக்கு 1.125 சதவீதமும் அவங்களே சேர்ப்பாங்க. கூலி ரசீது வாங்கி வச்சாலே காசு மிச்சம்.

கணக்கு எப்படி ஓடும்னு புரிய ஒரு உதாரணம். மெஷின் 2,00,000, கூலி 18,000, இன்சூரன்ஸ் 2,250. மூணும் சேர்ந்த சிஐஎஃப் மதிப்பு 2,20,250. அடிப்படை டூட்டி 20 சதவீதம்னு வச்சுக்கிட்டா 44,050. அந்த டூட்டியில் 10 சதவீதம் சமூகநல மேல்வரி, 4,405. மூணையும் கூட்டினா 2,68,705. இதுக்கு மேலதான் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி), 2025 செப்டம்பர் வரை இருந்த 28 சதவீதத்தை வச்சா 75,237. ஆக வரி மட்டும் 1,23,692. இதில் போட்ட விகிதம் ரெண்டும் கணக்கு காட்டத்தான். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கிற இறக்குமதி அறிவிப்பு) போடுற அன்னைக்குச் சுங்கத்துறையோட ஐஸ்கேட் தளத்தில் 9504-ங்கிற சுங்கத் தலைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்க. காசு போட்டு ஓடுற விளையாட்டு 9504 30-ல் வரும். காசுப் பெட்டியைக் கழட்டிட்டா வேற தலைப்புக்கு மாறிடும்னு நினைக்க வேண்டாம், கதவும் துளையும் இருக்கிறது பார்த்தாலே தெரியும்.

ரெண்டு விஷயம் தெரியணும். அண்ணன் சிங்கப்பூரிலேயே இருக்கப் போறாரா, ஊருக்கே திரும்புறாரா? மெஷின் எத்தனை?

கேட்டவர்

ஒண்ணுதான் அண்ணாச்சி. அண்ணன் 6 வருஷமா அங்கே வேலை. இந்த ஐப்பசிக்குள்ள குடும்பத்தோட ஊருக்கே வந்துடுதார். அதைச் சொல்லணும்னு தோணலை.

பதில் (தூத்துக்குடி, கிளியரிங் வேலை)

அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்! அப்போ கார்கோ வழியே வேண்டாம். அண்ணன் வீட்டுச் சாமான்களோட, அவர் பேரில், துணை இல்லாத பேக்கேஜா (பயணியோட கூட வராம தனியா வர்ற சாமான்) வரட்டும். குடியிருப்பு மாற்றம், எல்லாரும் டிஆர்னு சொல்லுதது. பயணியோட உண்மையான வீட்டுச் சாமானுக்குப் பேக்கேஜ் விதிகள்தான் பொருந்தும், 2.31 குறுக்கே வராது. ஐஇசியும் (இறக்குமதியாளர் குறியீட்டு எண்) வேண்டாம்.

நிபந்தனைகளைக் கவனமாப் படிங்க. 2026 பிப்ரவரி வரை நடப்பில் இருந்த 2016 பேக்கேஜ் விதிகளில் முழுச் சலுகைக்கு 2 வருஷமோ அதுக்கு மேலயோ வெளிநாட்டில் இருந்திருக்கணும்னு இருந்துச்சு. நடுவில் லீவுக்கு ஊருக்கு வந்த நாட்களையும் எண்ணுவாங்க, அதனால பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கமும் நகல் எடுங்க. பழைய பாஸ்போர்ட் இருந்தா அதுவும். பொருள் வெளிநாட்டில் அண்ணன் கையில் இருந்ததா இருக்கணும். அந்த விதிகளில் பெட்டி அவர் வந்து இறங்குறதுக்கு 2 மாசம் முன்னாடி வரைக்கும் வரலாம், பின்னாடி அனுப்புறதா இருந்தா அவர் வந்து ஒரு மாசத்துக்குள்ள அங்கிருந்து கிளம்பியிருக்கணும்னு இருந்துச்சு. ரூபாய் வரம்பும் சலுகைப் பட்டியலும் அப்பப்போ திருத்தப்படும். அண்ணன் டிக்கெட் போடும்போது நடப்பில் உள்ள விதியைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

சலுகை வரம்பைத் தாண்டின மதிப்புக்குப் பேக்கேஜ் டூட்டி வரும். 35 சதவீதம், அதில் 10 சதவீதம் மேல்வரி, ஆக 38.5னு பல வருஷமா நடந்த கணக்கு. மேலே போட்ட கார்கோ கணக்கில் மொத்தம் 56 சதவீதம் வந்ததோட ஒப்பிட்டுக்கிடுங்க.

ஒரு எச்சரிக்கை. ஒரு மெஷின் இருந்தா வீட்டுச் சாமான். மூணு இருந்தா கடைச் சரக்குன்னு அதிகாரிக்குத் தோணும், தோணுறது நியாயமும்கூட. பட்டியலில் "பின்பால் விளையாட்டு மெஷின், வில்லியம்ஸ் ஃபன்ஹவுஸ், 1990, பயன்படுத்தியது, வரிசை எண் இன்னது"ன்னு முழுசா எழுதுங்க. அண்ணன் சிங்கப்பூர் வீட்டில் அந்த மெஷின் நிக்கிற பழைய ஃபோட்டோ, தேதியோட ரெண்டு இருந்தா இன்னும் நல்லது. கப்பல் ஏத்துமுன்ன தூத்துக்குடி சுங்க அலுவலகத்துப் பேக்கேஜ் பிரிவில் ஒரு கடிதம் கொடுத்து, ஃபோட்டோ இணைச்சு, பதில் வாங்கிடுங்க.

"பழுது", "உதிரிக்கு"ன்னு எங்கேயும் எழுதாதீங்க, ஓடுற மெஷினுக்கு அது பொய்யும்கூட. ஓடாத மின்னணுப் பொருள்னா மின்கழிவுக் கேள்வி எழும். 2025 ஜனவரி 1 முதல் பாசல் உடன்படிக்கையில் (அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போறதைக் கட்டுப்படுத்துறது) எல்லா மின்கழிவுக்கும் முன்னனுமதி முறை வந்துடுச்சு. மெஷினை ஆன் பண்ணி ஒரு பந்து முழுக்க ஆடுற வீடியோ எடுத்து ஃபோனில் வச்சுக்கிடுங்க.

பதில் (வண்ணார்பேட்டை, மெஷின் ரிப்பேர்)

பேப்பர் வேலையை அண்ணாச்சி சொல்லிட்டாவ. மெஷினை நான் சொல்லுதேன்.

முதல்ல ஒரு கேள்வியை அண்ணன்கிட்ட இப்பவே கேட்டுடுங்க: மெஷின் நேரா சுவர் ப்ளக்கில் ஓடுதா, நடுவில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கா? சிங்கப்பூரும் 230 வோல்ட்தான், நம்ம ஊரும் 230தான், அதனால கவலை இல்லைன்னு எல்லாரும் நினைக்காங்க. ஆனா அமெரிக்காவில் இருந்து வந்த மெஷின் 115 வோல்ட்டுக்குக் கட்டினது. அதை ஒரு பெட்டி டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டிக்கிட்டு இருப்பாவ. வீடு மாத்தும்போது அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுட்டு வந்து இங்கே நேரா குத்தினா, உள்ளே லைன் பக்கம் இருக்கிற வேரிஸ்டர் (வோல்ட் கூடினா மெஷினைக் காக்கிற பாகம்) ஷார்ட் ஆகி ஃபியூஸைக் கொண்டு போகும். 230-க்கு மாத்தணும்னா மெஷின் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைப் பக்கக் கனெக்டரில் ஜம்பர் மாத்தணும், கூடவே 130 வோல்ட் வேரிஸ்டரை எடுத்துட்டு 275 வோல்ட் போடணும், லைன் ஃபியூஸும் அதுக்கேத்த அளவில் ஸ்லோ-ப்ளோ. இந்த மூணில் ஒண்ணை விட்டாலும் பிரச்சனை.

அடுத்தது பேட்டரி. சிபியு போர்டில் 3 ஏஏ செல் இருக்கும். பெட்டியில் அடைக்கிறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. அதிகபட்ச ஸ்கோரும் செட்டிங்கும் போயிடும், கேம் புரோகிராம் ரோம் சிப்பில் இருக்கிறதால அதுக்கு ஒண்ணும் ஆகாது. கடல் வெக்கையில் செல் ஒழுகிச்சுன்னா கீழே இருக்கிற தடங்களை அரிச்சுடும், இந்த மாடல் போர்டுகள் அதிகமாச் செத்தது அதனாலதான். செட்டிங்கை மெனுவில் பார்த்து ஃபோட்டோ எடுத்துக்கிட்டா இங்கே திரும்பப் போட்டுக்கலாம்.

பேக்கிங். கண்ணாடியை எடுத்து, உள்ளே உள்ள எஃகுக் குண்டு எல்லாத்தையும் எண்ணி எடுங்க. ஒவ்வொண்ணும் 27 மில்லிமீட்டர், 80 கிராம். ஒரு குண்டு உள்ளே தங்கினாலும் லாரி குலுக்கத்தில் பிளேஃபீல்டை (குண்டு ஓடுற பலகை) கொத்திப்போடும். டில்ட் ஊசல் (மெஷினை ஆட்டினா கண்டுபிடிக்கிறது) குண்டைக் கழட்டிக் காசுப் பெட்டிக்குள்ள வைங்க. பேசுற தலையின் வாயும் கண்ணும் அசையுறது, சுத்தி நுரை வச்சு அசையாம கட்டுங்க. பின்பெட்டியைப் படுக்க வைக்குமுன்ன உள்ளே இருக்கிற போல்ட்டை எடுத்துட்டு, பின்பக்கக் கொக்கியைத் திறந்து, கீழே கனமான போர்வை போட்டு மெதுவா மடக்குங்க. ஒயர் கட்டு நசுங்காம ஒருத்தர் பார்த்துக்கிட்டே நிக்கணும். கால் 4-க்கும் போல்ட் 8, 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கண்ணாடி தனியா, ரெண்டு ப்ளைவுட்டுக்கு நடுவில், நிமிர்த்தி.

மெஷின் மட்டும் 120 கிலோ பக்கம். பெட்டி சுமார் 145 × 80 × 85 சென்டிமீட்டர் வரும், கிட்டத்தட்ட 1 கன மீட்டர். எல்சிஎல் கூலி இந்தக் கன அளவுக்குத்தான் போடுவாங்க, எடைக்கு இல்லை. அதனால பெட்டியைச் சும்மா பெருசாக்காதீங்க.

பதில் (வள்ளியூர்)

பெட்டி மரத்தைப் பத்தி யாரும் சொல்லலை. பச்சை மரப் பலகையில் அடிச்சா தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரி நிறுத்துவாங்க. ஐஎஸ்பிஎம்-15 (மரப்பெட்டிக்கான சர்வதேச விதி) முத்திரை வேணும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கினதுக்கு அடையாளம் அது. ப்ளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. ஆனா ப்ளைவுட் பெட்டிக்குக் கீழே கட்டை மட்டும் சாதா மரமா இருந்தா மொத்தமும் மாட்டும்.

கேள்வி (தென்காசி)

இதே இழையில் கேட்டுக்கிடுதேன். ஜப்பானில் இருந்து சேகா ஆஸ்ட்ரோ சிட்டி வீடியோ கேபினட்டுக்கு (காசு போட்டு ஆடுற வீடியோ விளையாட்டுப் பெட்டி) இதே வழி சரியா வருமா? ஊருக்குத் திரும்புறவர் யாரும் இல்லை.

பதில் (தூத்துக்குடி, கிளியரிங் வேலை)

வராது, அது இன்னும் கஷ்டம். வீடியோ விளையாட்டுக் கருவி, மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு உத்தரவில் 2012-லேயே சேர்ந்தது. பழையது என்பதால ஒரு அனுமதி, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு இல்லாததால இன்னொரு கேள்வி. ரெண்டுக்கும் எழுத்தில் பதில் கிடைக்காம காசு அனுப்பாதீங்க. காசு கொட்டுற பச்சிங்கோ, ஸ்லாட் வகையைத் தொடவே வேண்டாம். தமிழ்நாட்டில் சூதாட்டச் சட்டம் 1930-லிருந்து இருக்கு.

பதில் (வண்ணார்பேட்டை, மெஷின் ரிப்பேர்)

அது 100 வோல்ட் மெஷினும்கூட. 230-ல் குத்தினா 29 இஞ்ச் மானிட்டரின் பவர் பகுதி அந்த நொடியே போகும். இங்கே கிடைக்கிற 110 வோல்ட் பெட்டியை வச்சு ஓட்டுறதும் நல்லதில்லை, 100 வோல்ட் டேப் உள்ளதாச் சுத்தித் தரச் சொல்லணும்.

கேட்டவர்

அண்ணன்கிட்ட கேட்டேன், நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி இருக்காம். நல்லவேளை. அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லிட்டேன். பேக்கேஜ் பிரிவுக்குக் கடிதம் திங்கட்கிழமை கொடுக்கேன். பெட்டி வந்தபிறகு என்னென்ன பார்க்கணும்?

பதில் (தூத்துக்குடி, கிளியரிங் வேலை)

சிங்கப்பூரில் "வீடு வரைக்கும்"னு சொன்ன கூலிக்குள்ள இங்கத்துச் செலவு இருக்கான்னு வரி வரியா எழுதி வாங்குங்க: டெலிவரி ஆர்டர், துறைமுகக் கையாளல், சிஎஃப்எஸ் கையாளல், குடோன் வாடகை. எல்சிஎல்-ல் அடி விழுறது இங்கேதான். பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறி வரும், அதனால தேதி நாலைந்து நாள் தள்ளும். அண்ணன் ஊரில் இருக்கும்போது பெட்டி வரணும், அவர் நேரில் வர வேண்டியிருக்கும்.

பரிசோதனைக்குப் பெட்டியைத் திறப்பாங்க. அதனால மூடியை ஆணி அடிக்காம ஸ்க்ரூவில் முடுக்கச் சொல்லுங்க, கடப்பாரை வைக்க வேண்டியிருக்காது. மேல்பலகையில் அம்புக்குறி, ஸ்க்ரூ எண்ணிக்கை எழுதி ஒட்டுங்க. கையெழுத்துப் போடுமுன்ன நாலு மூலையும் ஃபோட்டோ எடுத்து, அடி விழுந்திருந்தா சிஎஃப்எஸ் பேப்பரிலேயே குறிக்கச் சொல்லுங்க. கேட்டைத் தாண்டின பிறகு இன்சூரன்ஸ் கேட்கிறது கஷ்டம். பாளைக்கு 50 கிலோமீட்டர்தான், குட்டி யானை போதும், ஆனா இறக்க நாலு ஆள் வேணும்.

பதில் (வண்ணார்பேட்டை, மெஷின் ரிப்பேர்)

வந்த அன்னைக்கே ஆன் பண்ணாதீங்க. ரெண்டு நாள் காத்தாட வைங்க. பின்பெட்டியில் எல்லாக் கனெக்டரையும் ஒருக்கா அழுத்திவிடுங்க, சிப் எல்லாம் சாக்கெட்டில் சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க. பவர் டிரைவர் போர்டில் ஜே-115, ஜே-120, ஜே-121 கனெக்டர் கருகி இருக்கான்னு பாருங்க. பொதுவிளக்கு லைன் அது, இந்த மாடலில் கருகுறது வழக்கம். கருகியிருந்தா ஒயரை நேரா சால்டர் பண்ணாதீங்க, பின்னும் ஹவுசிங்கும் ரெண்டுமே புதுசு போடணும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் எத்தனை விஏ (தாங்குற மின்திறன் அளவு)ன்னு எழுதியிருக்கும், ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்லுதேன்.