உத்திரக் கணக்கில் கூட்டுவதா, பெருக்குவதா?

கேள்வி:
வணக்கம். மகளுக்கு மாறல் பாடம் சொல்லிக்கொடுக்கையில் ஒரு கணக்கில் தடுமாறி நிற்கிறேன். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட மர உத்திரம் தாங்கும் எடை, அதன் அகலத்திற்கும் உயரத்தின் வர்க்கத்திற்கும் நேர் மாறலிலும், நீளத்திற்கு எதிர் மாறலிலும் உள்ளது. 10 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம், 4 மீட்டர் நீளம் கொண்ட உத்திரம் 1,500 கிலோ தாங்குமானால், அதையே படுக்கப் போட்டால் எவ்வளவு தாங்கும்? அகலத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, நீளத்தால் வகுத்து, மாறிலியைக் கண்டு செய்தேன்; ஏறத்தாழ 439 கிலோ வந்தது. விடைப் பக்கத்திலோ 750 என்று இருக்கிறது. எங்கே தவறினேன்?

பதில் 1:
'அகலத்திற்கும் வர்க்கத்திற்கும்' என்பதில் வரும் 'உம்' உங்களைக் கூட்ட வைத்துவிட்டது. பல மாணவர்கள் இடறும் இடம் இதுதான். அகலம் மட்டும் இருமடங்கானால் எடையும் இருமடங்காக வேண்டும் என்பதே நேர் மாறலின் பொருள். உங்கள் கூட்டலில் அகலம் 10இலிருந்து 20 ஆகும்போது 410 என்பது 420 ஆகிறதே தவிர, 820 ஆகவில்லை. அகலம் சுழியாகி உத்திரமே இல்லாமற்போனாலும் உங்கள் சமன்பாடு எடை தாங்கும்! ஆகவே பெருக்க வேண்டும்: எடை = மாறிலி × அகலம் × உயரம்² ÷ நீளம். முதல் நிலையில் 1,500 = மாறிலி × 10 × 400 ÷ 4; எனவே மாறிலி 1.5. படுக்கப் போட்டால் அகலம் 20, உயரம் 10; 1.5 × 20 × 100 ÷ 4 = 750.

பதில் 2:
மாறிலியைக் காணாமலும் செய்யலாம். எனக்கு இந்த வழியே பிடிக்கும். அகலம் 2 மடங்கு, உயரம் பாதி, பாதியின் வர்க்கம் கால்; 2 × ¼ = ½. ஆகவே 1,500இல் பாதி. தச்சர்கள் உத்திரத்தின் அகன்ற பக்கத்தைச் செங்குத்தாக நிறுத்திப் போடுவதன் காரணமும் இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது. மகளிடம் ஓர் அடிக்கோலைக் கொடுத்து, முதலில் படுக்கையாகவும் பிறகு நிறுத்தியும் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அகலம் செ.மீ.இலும் நீளம் மீட்டரிலும் இருப்பது பிழையாகாதா?

பதில் 1:
ஆகாது. மாறிலியைக் கண்ட அதே அலகுகளைக் கடைசி வரை மாற்றாமல் வைத்திருந்தால் போதும். இடையில் நீளத்தை மட்டும் செ.மீ.க்கு மாற்றினால்தான் விடை கெடும்.

கேள்வி கேட்டவர்:
படுக்கப் போட்ட உத்திரத்தின் நீளம் 6 மீட்டர் என்று மாற்றி மகளிடம் கொடுத்தேன். ½ × ⅔ = ⅓ என்று எழுதி, 500 கிலோ என்றாள்.