புதுப்பிப்பு: கீமோவால் வந்த வாய்ப்புண்ணுக்கு எது பலன் தந்தது (டர்பன், தென்னாப்பிரிக்கா)

கீமோவுக்கு (புற்றுநோய் மருந்து சிகிச்சைக்கு)ப் பின் அம்மாவுக்கு வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது உப்பு, சமையல் சோடாக் கொப்பளிப்புதான். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டும் ஒவ்வொரு டீஸ்பூன். தினமும் புதிதாகக் கலக்கி, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்குமுன்னும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு, அது வேண்டாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும்.

எதிர்பாராதது: புண் ஆறியும் நாக்கில் வெள்ளைப் படலம் தங்கியது. பூஞ்சைத் தொற்றாம், அதற்கு சோடா போதாது. மருத்துவர் நிஸ்டாட்டின் சொட்டு மருந்து எழுதினார். வாயில் சுழற்றி, முடிந்தவரை வைத்திருந்து விழுங்க வேண்டும். உடனே கொப்பளித்தால் மருந்து கழுவிப் போய்விடும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் சேர்ந்தால் நிஸ்டாட்டின் வேலை செய்யாது. இதை அவசியம் நினைவில் வையுங்கள்.

ஆடி மாதம் என்று கோயில் கூழ் கொடுக்க ஆசைப்படுவோம். புளித்தது புண்ணில் எரியும். புளிக்காத மீலி மாவுக் (மக்காச்சோள மாவு) கஞ்சியைப் பால்விட்டுத் தளர்த்தி, நன்றாக ஆறவைத்துக் கொடுங்கள், இறங்கும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கீமோவால், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது. நடுராத்திரி என்றாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.